கொழும்புக் கப்பல்

1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குப் பிரான்சிலிருந்து வந்த கப்பலை நம்மவர்கள் ‘காலியோ’ என்பார்கள். அசல் பெயர் ‘காலியா’, பிரான்சின் பழைய லத்தீன் பெயர். பிரெஞ்சு மீடியத்தில் படித்ததால் எனக்குத் தெரியும். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் அது ஓடியது. 1908-இல் அவர் சிறைக்குப் போனார். 1911-இல் கம்பெனியும் கலைந்தது. 1914-இல் பாம்பன் பாலம் வந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போய்விட்டது.

2011 ஜூனில் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ இங்கிருந்து கொழும்புக்குப் புறப்பட்டது. “பொங்கல் கழியட்டும், போவோம்” என்றேன் மனைவியிடம். நவம்பரிலேயே நின்றுவிட்டது.

இப்போது நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கிறது. எழுபது தாண்டிவிட்டது. இந்தத் தடவை பொங்கலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன்.