உடலின் வழியே உளம்: போருக்குப் பிந்திய வன்னியில் இயன்மருத்துவத்தின் இடம்

போருக்குப் பிந்திய இலங்கையின் வன்னியில் உளத்துயர் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே வைத்தியரிடம் வந்து சேர்கிறது. தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, கைகால் உளைவு, நித்திரையின்மை என்னும் முறைப்பாடுகளோடு வருவோருள் பலர், உளநலப் பிரிவுக்குச் செல்லுமாறு கூறப்பட்டால், 'விசர்' என்ற சொல் தம்மீது ஒட்டிவிடும் என்று தயங்குவர். எனினும் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அந்நோவை உளத்தின் குறியாக மட்டும் வாசிப்பது தவறாகும். ஏனெனில் 2009 மே மாதம் முடிவுற்ற போர் கால் இழந்தோரையும், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோரையும், செல் துண்டுகளை உடலில் இன்னமும் சுமப்போரையும் விட்டுச் சென்றது. உடலும் உளமும் ஒரே வெடியில் காயமுற்ற இடத்தில் அவற்றுக்கான சிகிச்சைகளை வேறுவேறு கட்டடங்களில் வைப்பது நிர்வாக வசதியேயன்றி மருத்துவ நியாயம் அன்று. மக்கள் 'பிசியோ' என்று அழைக்கும் இயன்மருத்துவம், அதாவது அசைவாலும் பயிற்சியாலும் உடலியக்கத்தை மீட்கும் துறை, இங்கு உளநலப் பணியின் முதல் வாசலாகவே கொள்ளப்பட வேண்டும்.

பயிற்சி மனச்சோர்வைத் தணிக்கும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 50 வயதைக் கடந்த 156 பேரிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், 16 வாரங்களின் முடிவில், பயிற்சி செய்தோருக்கும் செர்ட்ரலீன் என்னும் மனச்சோர்வு மருந்து பெற்றோருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2024இல் 218 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடொன்று நடை, யோகாசனம், தசைவலுப் பயிற்சி ஆகியவற்றின் பயனை எடுத்துக்காட்டியதோடு, பல ஆய்வுகளின் நம்பகத்தன்மை குறைவு என்பதையும் மறைக்கவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009இல் எடுக்கப்பட்ட கணிப்பில் பதகளிப்பின் அறிகுறிகள் 32.6 வீதத்தினரிடமும், மனச்சோர்வின் அறிகுறிகள் 22.2 வீதத்தினரிடமும், பேரதிர்ச்சி மீளமீள நினைவில் எழுந்து வருத்தும் மனவடு நோயின் அறிகுறிகள் 7 வீதத்தினரிடமும் காணப்பட்டன. இவ்வெண்களை வன்னிக்கு அப்படியே பொருத்த இயலாது. ஆயினும் பயிற்சியால் தணியக்கூடிய நிலைகளே அக்கணிப்பில் மேலோங்கி நின்றமை கவனிக்கத்தக்கது.

பயிற்சி செயற்படும் விதமே இவ்வாதத்தின் மையம். பங்கருக்குள் பதுங்கியிருந்த நாட்களில் நெஞ்சு அடித்துக்கொண்டதை மறவாத ஒருவருக்கு, பின்னாளில் எக்காரணத்தால் நெஞ்சு படபடத்தாலும் அது ஆபத்தின் அறிவிப்பாகவே தோன்றும். இயன்மருத்துவரின் முன்னிலையில் அளவாக உடலை வருத்தி, படபடப்பு ஏறுவதையும் சிறிது நேரத்தில் தானாக இறங்குவதையும் பலமுறை உணரும்போது, எந்த அறிவுரையாலும் கற்பிக்க முடியாததை உடல் கற்றுக்கொள்கிறது. இழந்த காலில் எழும் நோவும் இத்தகையதே: தமிழரான நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் வகுத்த கண்ணாடிப் பயிற்சியில், எஞ்சிய காலின் பிம்பம் இல்லாத காலாகத் தோன்றி அசைய, சிலருக்கு அந்நோவு தணிகிறது. 2010இல் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இந்திய உதவியுடன் ஜெய்ப்பூர் செயற்கைக் கால்கள் பொருத்தப்பட்டன. ஆனால் கால் பொருத்துவது சில நாள் வேலை, நடக்கப் பழகுவதோ பல மாத வேலை. அம்மாதங்களில் கிழமைதோறும் ஒரே முகத்தைச் சந்தித்துப் பேசும் வாய்ப்பு, அது உளவளத்துணை என்று பெயரிடப்படாததாலேயே, தயக்கமின்றி ஏற்கப்படுகிறது.

வயலிலும் கரைவலையிலும் நாள் முழுதும் உழைப்போருக்கு மேலும் உடற்பயிற்சி எதற்கு என்ற மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. ஓய்வுநேரத்தில் விரும்பிச் செய்யும் இயக்கம் உளநலத்தோடு இணைந்து வருவதையும், கூலிக்காகச் செய்யும் உடலுழைப்பு அவ்வாறு இணைந்து வராததையும் ஆய்வுகள் காட்டுகின்றன. பயன் வியர்வையில் மட்டும் இல்லை, தெரிவிலும் துணையிலும் உள்ளது என்றே இதனைக் கொள்ள வேண்டும். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றிய 2010ஆம் ஆண்டு ஆய்வில் 'கூட்டு மனவடு' என்று விளக்கியது, தனிமனிதரின் காயத்தோடு குடும்பமும் ஊரும் பிணைப்பிழந்த நிலையையே. ஆகவே தனித்து நடப்பதிலும் குழுவாகப் பயில்வதே பொருந்தும். முல்லைத்தீவின் மரபான முல்லைமோடிக் கூத்துக்கு ஆட்டம் பழகுவோர் இதனை மருத்துவம் என்று அழைத்ததில்லை. உடலும் தாளமும் ஊரும் அங்கே ஒன்றுகூடுகின்றன.

இவ்வாதத்துக்கு எல்லையும் உண்டு. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் தொடர்போராட்டத்தில் அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கேட்பது, தம் பிள்ளைகள் எங்கே என்ற கேள்விக்குப் பதிலையே. அக்கேள்வியை நோயாக்கி அதற்குப் பயிற்சி விதிப்பது மருத்துவம் ஆகாது. பயிற்சி தரக்கூடியது வேறு. மாங்குளத்தில் இயங்கும் 'உயிரிழை' அமைப்பைச் சார்ந்த முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் போன்றோருக்கு, சக்கர நாற்காலியில் இருந்தபடி கைகளை ஊன்றி உடலை அடிக்கடி உயர்த்துவது அழுத்தப்புண்ணைத் தடுக்கும் பயிற்சி; அதே கைவலு கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறவும் உதவுவதால், விடியலில் எழுந்து வெளியே வருவதற்கு முதிய தாயின் நித்திரையைக் கலைக்க வேண்டியிராது.