டேவிட் ருமெல்ஹார்ட்

டேவிட் எவரெட் ருமெல்ஹார்ட் (12 ஜூன் 1942 – 13 மார்ச் 2011), மனம் செயல்படும் விதத்தை நரம்பு வலைப்பின்னல்களால் விளக்க முற்பட்ட அமெரிக்க அறிதல் உளவியலாளர். பொறியாளர்கள் அவரைப் பின்பரவல் முறைக்காகவே அறிவார்கள். அவருடைய அக்கறையோ மனிதர் எப்படிப் படிக்கிறார், எப்படிப் பேசக் கற்கிறார் என்பதில்தான் இருந்தது.

தெற்கு டகோட்டாவில் பிறந்தவர். 1967இல் ஸ்டான்ஃபோர்டில் கணித உளவியலில் முனைவர் பட்டம் பெற்று, சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தனித்து நிற்கும் எழுத்தைவிடச் சொல்லுக்குள் இருக்கும் எழுத்து எளிதில் புலப்படுவது ஏன் என்ற புதிருக்கு, ஜேம்ஸ் மெக்லெலண்டுடன் 1981இல் ஒரு மாதிரியை அமைத்தார். அதில் கோடுகள், எழுத்துகள், சொற்கள் என மூன்று படிகள். சொல்லின் படியிலிருந்து எழுத்தின் படிக்கும் தூண்டல் இறங்கிவரும். மை படிந்து மறைந்த எழுத்தையும் நாம் தடுமாறாமல் படித்துவிடுவதற்கு இதுவே அவர்கள் தந்த விளக்கம்.

1986 அவருடைய உச்ச ஆண்டு. ஜெஃப்ரி ஹின்டன், ரொனால்டு வில்லியம்ஸ் ஆகியோருடன் எழுதிய பின்பரவல் கட்டுரை ‘நேச்சர்’ இதழில் வந்தது. வலைப்பின்னல் தரும் விடையிலுள்ள பிழையைக் கடைசி அடுக்கிலிருந்து பின்னோக்கிப் பகிர்ந்து, ஒவ்வோர் இணைப்பின் எடையையும் சிறிது சிறிதாகத் திருத்துவதே இம்முறை. இதன் கருவைப் பால் வெர்போஸ் 1974லேயே தம் ஆய்வேட்டில் எழுதியிருந்தார். உளவியலாளர்களிடம் கொண்டுசேர்த்தவர் ருமெல்ஹார்ட்.

அதே ஆண்டு மெக்லெலண்டுடன் வெளியிட்ட இணைநிலைப் பரவல் செயலாக்கம் பற்றிய இரு தொகுதிகளில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது, ஆங்கில வினைகளின் இறந்தகால மாதிரி. ஆங்கிலம் பேசும் குழந்தைகள் முதலில் ‘வென்ட்’ என்று சரியாகவே சொல்வார்கள், பின்னர் ‘கோட்’ என்று தவறுவார்கள், மீண்டும் திருந்துவார்கள். எந்த விதியும் எழுதித்தரப்படாத வலைப்பின்னலும் இதேபோலத் தடுமாறித் தேறியது. முதலில் 10 வினைகளையும், பின்பு ஒரேயடியாக மேலும் 410 வினைகளையும் ஊட்டியதால் வந்த விளைவே இது என்று ஸ்டீவன் பிங்கரும் ஆலன் பிரின்சும் 1988இல் சாடினர். குழந்தையின் காதில் சொற்கள் அப்படித் திடீரென வந்து குவிவதில்லை என்பதால், அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் விதி இன்றியும் விதி போன்ற நடத்தை உருவாகலாம் என்ற வாதம் அதனால் வீழ்ந்துவிடவில்லை.

1987இல் மெக்ஆர்தர் நல்கை கிடைத்தது. அவ்வாண்டே ஸ்டான்ஃபோர்டுக்குத் திரும்பினார். பிக் நோய் எனப்படும் மூளைச்சிதைவால் 1998இல் பணியிலிருந்து விலகினார். அவர் பெயரிலான பரிசு 2001 முதல் வழங்கப்படுகிறது. அதை முதலில் பெற்றவர் ஹின்டன்.