‘பாசமலர்’ தாலாட்டில் உடன்பிறந்தார் பிரிவும் காவலன்பும்

முன்னுரை

தங்கையின் வாழ்வுக்கு அண்ணன் பொறுப்பேற்பது தமிழ்க் குடும்ப அமைப்பில் வேரூன்றிய மரபு. அவ்வுறவு முறியும் நிலையைத் திரைப்பாடல் எடுத்துரைத்த முறைக்கு, 1961இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த ‘பாசமலர்’ படத்தின் தாலாட்டு தக்க சான்றாகும். கண்ணதாசன் இயற்றிய இப்பாடலுக்கு விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையமைத்தனர், டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடினர். பிரிவைச் சொல்லும் இப்பாடல், பிரித்தவரை ஏன் சுட்டவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வாய்மொழித் தாலாட்டில் தாய்மாமன்

நாட்டார் தாலாட்டில் பாடுபவள் தாய், கேட்பது குழந்தை. எனினும் பாட்டில் முதன்மை பெறுபவருள் ஒருவன் தாய்மாமன். அழும் குழந்தையை அடித்தவர் யாரென வினவி உறவினரை வரிசைப்படுத்துவதும், மாமன் கொணரும் சீரை மிகுத்துப் பாடுவதும் பரவலான கூறுகள். இதற்குச் சமூக அடிப்படை உண்டு. மிதாட்சர மரபில் மகள் கூட்டுக்குடும்பச் சொத்தின் பங்காளியாகக் கருதப்படவில்லை. தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தமே அவ்வுரிமையை வழங்கியது. அதுவும் அதற்கு முன் மணமான மகளிர்க்குக் கிட்டவில்லை. பங்கு பெறாத பெண்ணுக்குப் பிறந்த வீட்டுத் தொடர்பின் கண்கூடான அடையாளமாகச் சீர் விளங்கியது. ஆகவே, மாமனைப் புகழ்வது அவன் கடமையை நினைவூட்டுவதுமாகும்.

திரைத்தாலாட்டின் மாற்றம்

இம்மரபைக் கண்ணதாசன் இரு வகையில் மாற்றினார். முதலாவது, பாடும் உரிமை ஆணுக்கும் கிடைக்கிறது. பிரிந்து வாழும் அண்ணன் ராஜசேகரனும் தங்கை ராதாவும் தத்தம் குழந்தையைத் தாலாட்டுகின்றனர். இரண்டாவது, கேட்பவர் மாறுகிறார். குழந்தைக்குச் சொல்லும் சொல் உண்மையில் மறுவீட்டிலிருக்கும் உடன்பிறப்புக்கு உரியது.

பாடலில் அத்தை மகளை மணந்து வாழும் எதிர்காலம் காட்டப்படுகிறது. மாமன் விலையுயர்ந்த பரிசுகளுடன் மணம் பேசுவதாகவும் வருகிறது. முறைமண வழக்கம் இங்கு வெறும் வாழ்த்தன்று. பெரியோரால் இணைய இயலாத இரு வீடுகளை அடுத்த தலைமுறை இணைக்கும் வழி அது. சீர் பெருக்கிப் பாடும் பழைய கூறும் இதனுள் அடங்குகிறது.

பின்னர்ப் பாடல் கடந்தகாலத்துக்குத் திரும்புகிறது. சிறகால் மூடிக் குஞ்சைக் காக்கும் பறவை போல அண்ணன் தன்னை மகளாகவே வளர்த்தான் என்ற நினைவு வெளிப்படுகிறது. அண்ணனின் அன்பு தந்தைமையாக உயர்கிறது. பிரிவுக்குக் காரணமாகக் காலமே சுட்டப்படுகிறது. கதையில் சூழ்ச்சி செய்யும் புகுந்த வீட்டு உறவினரோ கணவனோ பாட்டில் இடம்பெறவில்லை. கணவனைக் குறைகூறின் தங்கையின் இல்லறம் குலையும்; அண்ணனைக் குறைகூறின் காவல் பொய்க்கும். இவ்விரண்டையும் தவிர்க்கும் மௌனமே காவலன்பின் வடிவமாகிறது.

முடிவுரை

உடன்பிறந்தார் இருவரும் ஒருங்கே இறப்பதுடன் படம் முடிவதால், தாலாட்டு காட்டிய மணம் திரையில் நிகழவில்லை. ஆயினும், நேரில் பேச இயலாதோர் குழந்தையை முன்னிறுத்திப் பேசும் இடமாகத் தாலாட்டு நின்றது. தாய்மாரின் வாய்மொழி மரபு வளர்த்த மறைமொழி, உறவு முறிந்த நிலையிலும் உறவைக் காக்கத் திரைப்பாடலுக்குப் பயன்பட்டமையை இது புலப்படுத்துகிறது.