உழைப்பும் வழிபாடும்

உடலுழைப்பு இறைவனுக்கு உகந்தது என்று கிறித்தவப் பிரசங்க மேடைகளிலே அடிக்கடி கூறக் கேட்கிறோம். இக்கூற்றைக் கேட்டுத் தலையசைப்போரும் உளர். உழைப்பாளியை அடங்கியிருக்கச் செய்யும் தந்திரமென்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோரும் உளர். இரு சாராரும் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பதில்லை. உழைப்புப் புனிதமானது என்று கூறப்பட்ட காலங்களில், உண்மையில் உழைத்த கைகள் யாருடையவை? இவ்வொரு வினாவைக் கொண்டு இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றின் சில ஏடுகளை நோக்குவோம்.

கிறித்தவம் தோன்றிய உலகம் அடிமைகளின் உழைப்பில் வாழ்ந்த உலகம். சிறந்த அரசொன்றிலே கைத்தொழிலாளி குடிமகனாதல் தகாது என்று கருதினார் அரிஸ்தோத்தில். கூலியாள் பெறும் கூலியையே அவனது அடிமைத்தனத்துக்கு அச்சாரமாகக் கண்டார் உரோமப் பேச்சாளர் சிசரோ. இத்தகைய சமுதாயத்திலே, தச்சுத்தொழில் செய்த ஒருவரை ஆண்டவரென்று போற்றியது சாதாரணச் செய்தியன்று. பவுலும் கூடாரம் செய்து பிழைத்தவரே. கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியருடன் தங்கி அத்தொழிலைச் செய்துகொண்டே அவர் போதித்தார். உழைக்க மனமில்லாதவனுக்கு உணவும் உரியதன்று என்பது அவர் பெயரால் தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட நிருபமொன்றின் கருத்து. அதே கருத்து 1936ஆம் ஆண்டுச் சோவியத் அரசியலமைப்பின் 12ஆம் பிரிவிலும் இடம்பெற்றது. நிருபத்தின் கண்டனம் உழைக்க மறுப்பவனையே சாரும். உழைக்க இயலாதவனையும் வேலை கிடைக்காதவனையும் சாராது என்பதை நாம் மறத்தலாகாது.

எனினும், கையுழைப்பைத் தவிர்க்கும் மனப்பான்மை திருச்சபைக்குள்ளேயே விரைவில் தலைதூக்கியது. 400ஆம் ஆண்டளவில் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் நகரத் துறவியர் சிலர் வேலை செய்ய மறுத்தனர். பறவைகளின் கவலையற்ற வாழ்வைக் கூறும் நற்செய்திப் பகுதியை அவர்கள் ஆதாரங் காட்டினர். கார்த்தேஜ் மேற்றிராணியார் அவுரேலியுஸ் வேண்டிக்கொண்டதன் பேரில், இதற்கு மறுப்பாக அகுஸ்தீன் ஒரு நூல் எழுதினார். பறவைகள் தானியத்தைச் சேமித்து வைப்பதுமில்லை, மாவாக அரைப்பதுமில்லையே. நீங்கள் மட்டும் ஏன் அவற்றைச் செய்கிறீர்கள் என்பது அவரது வாதம். செல்வர் துறவுபூண்டு உழைக்க வருமிடத்திலே, தொழிலாளியாயிருந்து வந்தவன் சோம்பியிருத்தல் அழகன்று என்றும் அவர் எழுதினார். ஆயினும், செழிப்பிலே வளர்ந்து உடல் வலிமையற்றோராய் வந்தவர்களுக்கு அவர் சலுகை காட்டினார். பிற்காலத்தில் வளரவிருந்த பிளவின் வித்தை நாம் ஈண்டுக் காண்கிறோம்.

ஆறாம் நூற்றாண்டிலே இத்தாலியின் மொந்தே கசினோ மடத்தில் பெனடிக்ற் வகுத்த ஒழுங்கு, உழைப்பை நாளாந்த வழிபாட்டுடன் பிணைத்தது. அதன் 48ஆம் அதிகாரம், பருவத்துக்கேற்ப வேலைக்கும் வாசிப்புக்கும் நேரங்களைப் பகுத்து வைக்கிறது. தம் கையுழைப்பால் வாழும்போதே துறவியர் உண்மைத் துறவியராவர் என்றும் கருதுகிறது. 35ஆம் அதிகாரத்தின்படி சமையலறைப் பணி முறைவைத்துத் துறவியர் எல்லோருக்கும் வரும். மடத்தின் கருவிகளையும் பொருள்களையும் பலிபீடத்துத் திருப்பாத்திரங்களைப் போலப் பேணவேண்டுமென்று பண்டசாலைப் பொறுப்பாளருக்கு 31ஆம் அதிகாரம் பணிக்கிறது. மண்வெட்டிக்கும் திருப்பாத்திரத்துக்கும் ஒரே மதிப்பு! அடிமைச் சமுதாயம் சிதைந்துகொண்டிருந்த ஐரோப்பாவில் இது பெரியதொரு சிந்தனைப் புரட்சி எனலாம்.

புரட்சி நிலைத்ததா? 910ஆம் ஆண்டிலே பிரான்சில் நிறுவப்பட்ட குளூனி மடம் செல்வம் பெருக்கியது. அங்கே வழிபாடு நீண்டது. துறவியரின் கையுழைப்போ பெயரளவிற் சுருங்கியது. உழைப்புக்கு மீளவேண்டுமென்று 1098இல் சீத்தோவிலே சிஸ்தேர்சியர் புறப்பட்டனர். ஆனால், நிலம் பெருகப் பெருக அவர்களும் பொதுநிலைச் சகோதரர் என்ற தனிப் பிரிவினரையே நம்பி வாழ்ந்தனர். உழுதவரும் ஆடு மேய்த்தவரும் பெரும்பாலும் இவர்களே. இவர்கள் துறவியராக உயர முடியாது; புத்தகம் வைத்திருக்கவும் கூடாது; சில செபங்களை மனனம் செய்வதே இவர்களுக்கு உரிய கல்வி. வேலையும் வாசிப்பும் ஒரே மனிதனுக்கென்று பெனடிக்ற் வகுத்ததை, வேலை ஒருவனுக்கும் வாசிப்பு மற்றவனுக்கும் என்று பிரித்துவிட்டனர். 1206இலே வேல்ஸ் நாட்டின் மார்கம் மடத்தில் இச்சகோதரர்கள் கிளர்ந்தெழுந்தனர். பண்டசாலைப் பொறுப்பாளரைக் குதிரையிலிருந்து வீழ்த்தினர். தம் படுக்கைக் கூடத்தை அடைத்துக்கொண்டு, துறவியருக்கு உணவு கொடுக்க மறுத்தனர். உழைக்காதவனுக்கு உணவில்லை என்ற பழைய விதியைத் துறவியருக்கே அவர்கள் நினைவூட்டினர் போலும்!

இதே வினா நவீன காலத்திலே தொழிற்சாலை வாயிலில் மீண்டும் எழுந்தது. 1941இல் டொமினிக்கன் சபைக் குருவாகிய ஜாக் லோவ் பிரான்சின் மார்சேய்த் துறைமுகத்திற் கூலித் தொழிலாளியாகச் சேர்ந்தார். பரிஸ் கர்தினால் சுகார்டின் ஆதரவுடன் வேறு குருமாரும் ஆலைகளுக்குச் சென்றனர். 1950களின் தொடக்கத்தில் அவர்கள் தொகை ஏறத்தாழ 100. போதிக்கப் போனவர்கள் அங்கே கற்றுக்கொண்டனர். தொழிற்சங்கத்திற் சேர்ந்தனர்; வேலைநிறுத்தத்திற் பங்குகொண்டனர். 1951இல் பொர்தோத் துறைமுகத்தில் மரச்சுமை வீழ்ந்து மிக்கேல் பவ்ரோ என்ற தொழிலாளிக் குரு மாண்டார். 1952 மே மாதத்தில், அமெரிக்கத் தளபதி ரிட்ஜ்வேயின் வருகையை எதிர்த்துப் பரிஸில் நடந்த ஆர்ப்பாட்டத்தின்போது இரு தொழிலாளிக் குருமாரைப் பொலிஸார் கைதுசெய்து தாக்கினர்.

குருமார் உழைப்பைப் போற்றிப் பேசியவரை எவருக்கும் இடையூறில்லை. உழைப்பாளியின் பக்கம் நின்றதும் இடையூறு தோன்றிற்று. 1954 மார்ச் 1ஆந் திகதிக்குள் முழுநேர வேலையையும் தொழிற்சங்கத்தையும் விட்டு விலகுமாறு அவர்களுக்குக் கட்டளை பிறந்தது. நாளொன்றுக்கு மூன்று மணிநேரத்துக்கு மேல் உழைத்தலாகாது! ஏறத்தாழப் பாதிப்பேர் பணிந்தனர். மற்றையோர் தொழிலாளருடனேயே தங்கினர். அடுத்த ஆண்டு, 1955இல், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதலாந் திகதியைத் தொழிலாளியாகிய சூசையப்பரின் திருநாளாகப் பிரகடனஞ் செய்தார். தச்சனுக்குத் திருநாள் கிடைத்தது. உழைத்த குருவுக்குத் தடை கிடைத்தது. 1959இல் தடை முழுமை பெற்றது. 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் நிறைவுறும் வேளையில், அத்தடை நீங்கியது. கதவைத் திறந்தவர்கள் சங்கத்தின் மேற்றிராணிமார் என்பது உண்மை. பதினொரு ஆண்டுகள் அக்கதவருகே நின்றவர்கள் பணிய மறுத்த அந்தத் தொழிலாளிக் குருமாரே.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவது யாது? உழைப்பின் புனிதம் என்ற கருத்து வெறும் ஏமாற்றன்று. கூடாரம் தைத்த பவுலிடத்தும், முறைவைத்துச் சமைத்த துறவியிடத்தும், பொர்தோவில் மாண்ட குருவிடத்தும் அது உயிருள்ள உண்மையாயிருந்தது. உழைப்பைப் பிறர் தோளில் இறக்கிவிட்டுப் புகழை மட்டும் தாம் ஏந்தியபோதே அது பொய்யாயிற்று. மார்கம் மடத்துச் சகோதரர்கள் கேட்டது புகழ்ச்சியையன்று, சமநிலையையே.

இவ்வினா குருமாருக்கு மட்டும் உரியதுமன்று. உழைப்பின் உயர்வு என்ற தலைப்பிலே மாணவரைக் கட்டுரை எழுதச் செய்கிறோம் நாம். நல்ல தலைப்புத்தான். ஆனால் கட்டுரை எழுதி முடிந்தபின் அந்த வகுப்பறையைக் கூட்டுபவர் யார்? அவருடைய பிள்ளை எந்த வாங்கில் அமர்ந்திருக்கிறது?