ஒரு பாட்டின் பாடபேதங்கள்

பாடபேதம் என்னும் சொல்லை ஏட்டுச்சுவடிகளுக்கு மட்டுமே உரியதாக நாம் கருதுகிறோம். அமெரிக்க ராக் இசைக்குழு ஒன்றின் முப்பதாண்டு வரலாற்றைப் படித்தபோது, எனக்குத் திரும்பத் திரும்ப நினைவில் எழுந்தது அச்சொல்தான்.

1965இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் 'வார்லாக்ஸ்' என்ற பெயரில் அக்குழு தொடங்கியது. அதே பெயரில் வேறொரு குழு இருப்பதாக அறிந்ததும், ஜெர்ரி கார்சியா அகராதியைப் புரட்டிக் கண்டெடுத்த பெயர் 'கிரேட்ஃபுல் டெட்'. அடக்கம் செய்யப்படாமல் கிடக்கும் ஒருவனின் கடனை வழிப்போக்கன் அடைத்து அவனைப் புதைக்கிறான். இறந்தவன் பின்னர் வந்து அவனுக்கு உதவுகிறான். இந்நாட்டார் கதைவகையின் பெயரே அது. கதைவகை அடைவில் அதன் எண் 505. (வழக்காற்றியல் பயின்ற நண்பர்கள் புன்னகைக்கலாம்.)

கென் கீஸி நடத்திய 'ஆசிட் டெஸ்ட்' இரவுகளில்தான் குழு உருப்பெற்றது. எல்எஸ்டி அப்போது கலிபோர்னியாவில் சட்டவிரோதமன்று. 1966 அக்டோபரில்தான் தடை வந்தது. இத்தனை நிமிடத்தில் பாட்டை முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் அவ்விரவுகளில் இருக்கவில்லை. எல்எஸ்டியைத் தயாரித்து வந்த ஆவ்ஸ்லி ஸ்டான்லியே குழுவின் ஒலிப்பொறியாளரும் ஆனார். தம் ஒலியமைப்பின் நிறைகுறைகளை அறிய நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து பதிவு செய்தார். போதையை விரிவாகப் பேசும் வரலாறுகள் இப்பழக்கத்தை அடிக்குறிப்பில் தள்ளிவிடுவது எனக்கு உடன்பாடன்று.

'டார்க் ஸ்டார்' என்ற பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1968இல் தனி இசைத்தட்டாக வெளிவந்தபோது அதன் நீளம் மூன்று நிமிடத்தைக்கூட எட்டவில்லை. மறு ஆண்டு வெளியான 'லைவ்/டெட்' தொகுப்பில் அதே பாட்டு 23 நிமிடம். அதன்பின் மேடைக்கு மேடை அதன் நீளமும் போக்கும் மாறின. இவற்றுள் மூலபாடம் எது? வாய்மொழிக் காப்பியங்களை ஆராய்ந்த ஆல்பர்ட் லார்ட், ஒவ்வொரு நிகழ்த்துதலும் தன்னளவில் மூலமே என்றார். இங்கும் அதுவே பொருந்தும் என்பது என் துணிபு.

ரசிகர்கள் இதை ஆய்வாளர்களுக்கு முன்பே உணர்ந்திருந்தனர். ஒலிவாங்கிகளுடன் வந்து பதிவு செய்தனர். நாடாக்களை விற்காமல் தமக்குள் பரிமாறிக்கொண்டனர். 1984இல் குழு அவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. வணிக வெற்றியோ மிகத் தாமதமாகவே வந்தது: அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்த ஒரே பாட்டு 1987இன் 'டச் ஆஃப் கிரே'. 1995 ஆகஸ்டில் கார்சியா இறந்தார். அப்பெயரில் குழு அத்துடன் முடிந்தது.

நாடாக்களின் கதை முடியவில்லை. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழக அரங்கில் நடந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்தவர், குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். பின்னாளில் வறுமையால் அவர் கிடங்கு வாடகை கட்ட இயலாமற்போக, அவருடைய நாடாக்கள் ஏலத்தில் போயின. வாங்கியோர் கைகளிலிருந்து படிகள் ஊர் ஊராகப் பரவின. அப்பதிவைக் குழுவின் தரப்பு முறைப்படி வெளியிட்டது 2017இல். அதற்கு முன்பே, 2011ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதைச் சேர்த்துவிட்டிருந்தது.