மின்ஸ்கூட்டர், மின்சைக்கிள்: வளாகத்தில் எங்கே ஓட்டலாம், எங்கே நிறுத்தலாம், எப்படி சார்ஜ் செய்யலாம்?

விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு நடந்தால் 20 நிமிடம். காலை நேரத்தில் வளாகப் பேருந்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. மின்ஸ்கூட்டரோ மின்சைக்கிளோ இருந்தால் ஐந்து நிமிடத்தில் போய்விடலாம். வாங்கலாமா என்று நீங்கள் யோசித்தால் அதில் வியப்பில்லை.

வாங்குவதற்கு முன் பலரும் யோசிப்பது ஒன்றைத்தான்: "வேகமாப் போய் யார் மேலயாவது மோதிட்டா?" தேவையான கேள்விதான். ஆனால் அது பாதிதான். இந்த வாகனங்கள் நாளின் பெரும்பகுதி ஓடுவதில்லை. எங்கேயாவது நிற்கின்றன, அல்லது சார்ஜில் கிடக்கின்றன. ஆபத்து அப்போதும் இருக்கிறது. ஓட்டும்போது தவறினால் ஓரிருவர் காயமடையலாம். சார்ஜ் செய்யும்போது தவறினால் பக்கத்து அறைகளில் தூங்குபவர்களுக்கும் ஆபத்து.

சிங்கப்பூரில் மின்ஸ்கூட்டர், மின்சைக்கிள், நடமாட்ட உதவி வண்டிகள் ஆகியவை தொடர்பாக 2022இல் 42 தீச்சம்பவங்கள் பதிவாயின. 2023இல் அது 55 ஆனது. 2024இல் 67.

முதலில்: உங்களுடையது எந்த வகை?

பேச்சில் எல்லாவற்றையும் "இ-பைக்" என்றுதான் சொல்கிறோம். சட்டம் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கிறது.

*மின்ஸ்கூட்டர்:* நின்றபடி ஓட்டுவது, மிதிகட்டை கிடையாது. எடை 20 கிலோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. அகலம் 70 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது. வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும். யூஎல் 2272 என்ற தீப்பாதுகாப்புச் சான்று கட்டாயம்.

*மின்சைக்கிள்:* மிதித்தால்தான் மோட்டார் உதவும். கைப்பிடியைத் திருகினாலே ஓடுகிறது என்றால் அது இங்கே அனுமதிக்கப்பட்ட மின்சைக்கிள் அல்ல. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், எடை 20 கிலோகிராமுக்குள் இருக்கவேண்டும். வேகம் 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் தானாக உதவியை நிறுத்திவிட வேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு நிற முத்திரையும் பதிவெண் தகடும் இருக்கவேண்டும்.

இரண்டையும் ஆணையத்திடம் பதிவுசெய்ய வேண்டும். இரண்டுக்கும் 2022 ஜனவரி 1 முதல் எழுத்துத் தேர்வுச் சான்றிதழ் தேவை. வண்டி நண்பருடையது, "சும்மா ஒரு ரவுண்டு" என்றாலும் ஓட்டுபவரிடம் சான்றிதழ் இருக்கவேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறீர்களா? விலையைப் பேசுவதற்கு முன் சான்றையும் பதிவையும் கேளுங்கள். "பேட்டரி மாத்திருக்கேன், இப்ப இன்னும் தூரம் போகும்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், வேண்டாம் என்று திரும்பிவிடுங்கள். அந்த வண்டிக்குக் கிடைத்த சான்று பழைய பேட்டரிக்கானது, புதியதற்கு அல்ல.

எங்கே ஓட்டலாம்?

மின்ஸ்கூட்டருக்கு சைக்கிளோட்டப் பாதைகளும் பூங்கா இணைப்புப் பாதைகளும் மட்டுமே. சாலையில் கூடாது. நடைபாதையில் 2019 நவம்பர் 5 முதல் தடை. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மின்சைக்கிளுக்கு சாலையும் சைக்கிளோட்டப் பாதையும் உண்டு, நடைபாதை இல்லை. சாலையில் தலைக்கவசம் கட்டாயம்.

நடைபாதையைக் கடந்துதான் ஆகவேண்டும் என்றால்? இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதற்குத் தடையில்லை.

இவை நாட்டுச் சட்டங்கள். இவற்றுக்கு மேல் உங்கள் பல்கலைக்கழகமோ பலதுறைத் தொழிற்கல்லூரியோ கூடுதல் விதிகளை வைக்கலாம். வளாகத்துக்குள் கொண்டுவரவே கூடாது என்றும் சொல்லலாம். விடுதிக்குத் தனி விதிகள் இருக்கலாம். அதனால் வண்டியை வாங்கியபின் அல்ல, வாங்குவதற்கு முன்பே மாணவர் கையேட்டையும் விடுதி விதிகளையும் படித்துவிடுங்கள்.

25 கிலோமீட்டர் உண்மையில் எவ்வளவு வேகம்?

மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய ஏழு மீட்டர். எதிரே ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி குறுக்கே வருகிறார். நீங்கள் அதைக் கவனித்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வேகம் குறையத் தொடங்கும் முன்பே ஏழு மீட்டர் போயிருப்பீர்கள். மழையில் பாதை ஈரமாக இருந்தால் நிற்க இன்னும் தூரம் தேவை.

மின்ஸ்கூட்டரின் சக்கரம் சிறியது. சைக்கிள் சக்கரம் எளிதாக ஏறி இறங்கும் கால்வாய் மூடியின் விளிம்பு அதைக் கவிழ்த்துவிடலாம். வளைவிலும், இறக்கத்திலும், வகுப்பு முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரத்திலும் வேகத்தை நடைவேகத்துக்குக் குறையுங்கள். சாலையைக் கடக்கும் இடத்தில் நின்று, இரு பக்கமும் பார்த்துவிட்டுப் போங்கள். இருட்டினால் முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு. கைத்தொலைபேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்திக்கொண்டே ஓட்டுவது குற்றம். ஸ்கூட்டரில் இருவர் ஏறுவது ஆபத்து: எடை கூடும், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும்.

எங்கே நிறுத்துவது?

சைக்கிள் நிறுத்துமிடம் இருந்தால் அங்கேதான். இல்லையென்றால், "இந்த இடத்தில் கூட்டமாக ஆட்கள் ஓடிவந்தால் என் வண்டி தடுக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். தடுக்கும் என்றால் அங்கே வேண்டாம்.

அப்படிப் பார்த்தால் இந்த இடங்கள் தானாகவே விலகிவிடும்:

- படிக்கட்டின் அடியும் படிக்கட்டுத் தளமும்
- அவசர வெளியேறு கதவின் முன்பக்கம்
- தீயணைப்புக் குழாய்ப் பெட்டியின் அருகில்
- சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை
- பார்வைக் குறைபாடு உள்ளோருக்காகத் தரையில் பதித்திருக்கும் புடைப்புக் கற்களின் மேல்

வீவக புளோக்குகளில் பொருள் வைக்கப்பட்டிருந்தாலும் பொது நடைவழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் காலியாக இருக்கவேண்டும் என்பது விதி. படிக்கட்டில் எதையுமே வைக்கக்கூடாது. புகை சூழ்ந்தால் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டுதான் வெளியே வரவேண்டியிருக்கும். அந்த நேரத்தில் காலில் இடறும் ஒரு கைப்பிடியே பெரிய ஆபத்து.

வெயிலில் மணிக்கணக்கில் நிறுத்தாதீர்கள். வெப்பம் பேட்டரியைக் கெடுக்கும்.

பேட்டரி ஏன் தீப்பிடிக்கிறது?

பேட்டரிக்குள் லித்தியம்-அயான் கலங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு கலத்திலும் நேர்முனையையும் எதிர்முனையையும் பிரிப்பது ஒரு மெல்லிய தடுப்பு. கீழே விழுந்து அடிபடுவது, தண்ணீர் புகுவது, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறுவது போன்றவற்றால் அந்தத் தடுப்பு சேதமடைந்தால் உள்ளேயே குறுக்குச்சுற்று ஏற்படும். கலம் சூடாகும். சூடு வேதிவினையைத் தூண்டும். வேதிவினை இன்னும் சூட்டை உண்டாக்கும். அடுத்த கலத்துக்கும் பரவும். எளிதில் தீப்பற்றும் வாயுக்கள் வெளியேறும். இதனால்தான் இந்தத் தீ சில விநாடிகளிலேயே பெரிதாகிறது, அணைந்ததுபோல் தெரிந்தாலும் மறுபடி பற்றிக்கொள்கிறது.

சார்ஜர் விஷயத்தில் பலர் செய்யும் தவறு ஒன்று இருக்கிறது. 36 வோல்ட் பேட்டரியில் பொதுவாக 10 கலங்கள் தொடராக இருக்கும். ஒரு கலம் நிறைந்தால் 4.2 வோல்ட். ஆகவே அதன் சார்ஜர் 42 வோல்ட். 48 வோல்ட் பேட்டரியில் பொதுவாக 13 கலங்கள், அதன் சார்ஜர் 54.6 வோல்ட். இரண்டு சார்ஜர்களின் முனையும் ஒரே அளவில் இருக்கலாம். நண்பரின் சார்ஜர் உங்கள் வண்டியில் "பொருந்துது" என்பதாலேயே அது சரியான சார்ஜர் ஆகிவிடாது. பேட்டரிக்குள் பாதுகாப்புச் சுற்று இருக்கும், உண்மைதான். ஆனால் மலிவான பேட்டரியிலோ பழுதான பேட்டரியிலோ அதை நம்பி இருக்க முடியாது.

அப்படியானால் எப்படி சார்ஜ் செய்வது?

முதலில், எங்கே. அறையில் சார்ஜ் செய்யக்கூடாது என்று விடுதி சொன்னால் செய்யாதீர்கள். திரைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் மறைத்துச் செய்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். துணி, மெத்தை, அட்டைப்பெட்டி எல்லாம் பக்கத்திலேயே இருக்கும். அனுமதிக்கப்பட்ட சார்ஜிங் இடம் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மின்சைக்கிளின் பேட்டரியைக் கழற்ற முடியும் என்றால் அதை மட்டும் அங்கே கொண்டுபோனால் போதும்.

அறையில் அனுமதி இருந்தாலும், வாசல் கதவின் பக்கத்தில் வைக்காதீர்கள். தீ பிடித்தால் நீங்கள் வெளியேற வேண்டிய வழி அதுதான். கட்டாந்தரையில், மேலே எதையும் மூடாமல் வையுங்கள்.

இரண்டாவது, எப்போது. "ராத்திரி பிளக்ல போட்டுட்டுத் தூங்கிடலாம், காலையில ஃபுல்லா இருக்கும்" என்பதுதான் பலரின் பழக்கம். அது வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி 10 ஆம்பியர்-மணி, சார்ஜர் 2 ஆம்பியர் என்றால், காலியாக இருந்து நிறைய ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். பாதி மீதம் இருந்தால் மூன்று மணி நேரமே போதும். மாலை ஏழு மணிக்குத் தொடங்கினால் நீங்கள் பாடம் படித்துக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிடும். வளாகத்துக்குள் சுற்ற தினமும் முழு சார்ஜ் தேவையும் இல்லை.

ஓட்டிவிட்டு வந்த உடனே பிளக்கில் மாட்டாதீர்கள், பேட்டரி ஆறட்டும். பாதுகாப்புக் குறி உள்ள அசல் சார்ஜரையே பயன்படுத்துங்கள். நிறைந்ததும் கழற்றிவிடுங்கள்.

பருவ விடுமுறைக்கு வீட்டுக்குப் போகிறீர்களா? பேட்டரியைச் சுமார் பாதி சார்ஜில், பிளக்கிலிருந்து கழற்றி, குளிர்ச்சியான இடத்தில் வைத்துவிட்டுப் போங்கள்.

எப்போது உடனே நிறுத்தவேண்டும்?

பேட்டரி உப்பியிருக்கிறது. தொட்டால் வழக்கத்தைவிட அதிகம் சுடுகிறது. வினோதமான வாடை வருகிறது. முன்பைவிட மிக விரைவில் சார்ஜ் இறங்குகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் சார்ஜ் செய்யாதீர்கள், கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டாம். பழைய பேட்டரியைச் சாதாரணக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது, அது மின்கழிவு.

"சீறும்" சத்தமோ புகையோ வந்தால் நேரம் மிகக் குறைவு. எல்லாரையும் எழுப்பி வெளியேறுங்கள். கதவை மூடிவிட்டுப் போங்கள், புகை பரவுவது குறையும். படிக்கட்டில் இறங்குங்கள், 995ஐ அழையுங்கள். எரியும் வண்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முயலாதீர்கள், அதை மின்தூக்கிக்குள் கொண்டுபோகவே கூடாது. 2021 ஜூனில் உட்லண்ட்ஸில் 20 வயது இளையர் ஒருவர் சாதனத்துடன் மின்தூக்கியில் இருந்தபோது அது தீப்பற்றியது. அவர் மாண்டார். ஓடி ஒதுங்க மின்தூக்கியில் இடமில்லை.

வண்டி என்னுடையது இல்லை, அறைத்தோழருடையது. என்ன செய்வது?

உங்களில் பலருக்கு இதுதான் உண்மையான கேள்வியாக இருக்கும். அவர் இரவு முழுக்க சார்ஜ் போடுகிறார், நீங்கள் அதே அறையில் தூங்குகிறீர்கள். சொல்லத் தயக்கமாக இருக்கும். புகார் செய்வதுபோல் ஆரம்பிக்க வேண்டாம். "டேய், நாம முழிச்சிருக்கும்போதே போட்டுடலாம், நானும் பாத்துக்கிறேன்" என்று தொடங்கலாம். சார்ஜரில் எத்தனை வோல்ட் என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ, சான்று இல்லாத வண்டி என்று தெரிந்தாலோ, அவர் கேட்கவில்லை என்றால் விடுதி அலுவலகத்திடம் சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. அந்த மாடியில் தூங்கும் எல்லாருக்காகவும் சொல்கிறீர்கள், அவருக்காகவும்தான்.