வாடகைக்கு இருப்பவர் காலி பண்றாரா? அட்வான்ஸ் கணக்கை சண்டையில்லாமல் முடிக்க ஓனர்களுக்கு ஒரு கைடு!

சேலம் செவ்வாய்ப்பேட்டை மாதிரி பழைய பேட்டைகளில், வீட்டு ஓனரும் வாடகைக்கு இருப்பவரும் ஒரே தெருவில் பிழைப்பவர்கள். மாடியில் குடியிருப்பவர் லீ பஜாரில் மூட்டைக் கணக்கு எழுதுபவராக இருப்பார். பின்பக்க போர்ஷனில் இருப்பவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவராக இருப்பார். வீட்டைக் காலி பண்ணிய பிறகும் கடைவீதியில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஆனாலும், வருஷக்கணக்கா நல்லா பழகினவங்களே கடைசி வாரத்துல முறைச்சுக்கிறாங்க. பெரும்பாலும் காரணம் ஒண்ணுதான்... அட்வான்ஸ்!

உங்களுக்கு அது திருப்பித் தர வேண்டிய ஒரு தொகை. அவருக்கோ, அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸே அந்தப் பணம்தான். இதை மனசுல வெச்சுக்கிட்டா பாதிப் பிரச்னை தீர்ந்துடும். மீதிப் பாதிக்கு என்ன செய்யலாம்?

சட்டம் என்ன சொல்கிறது?

1960-ம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017-ல் இயற்றப்பட்ட புதிய வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவும் செய்ய வேண்டும். வேறு மாதிரி பேசி எழுதிக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. முக்கியமாக, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், அவர் தர வேண்டியதை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட வேண்டும். ‘அடுத்த ஆள் வரட்டும், அவர் தர்ற அட்வான்ஸை வாங்கித் தர்றேன்’ என்று சொல்வது பலருக்குப் பழக்கம். சட்டம் அதற்காகக் காத்திருக்காது.

பெயின்ட் செலவு யாருடையது?

சண்டை ஆரம்பிக்கும் இடமே இதுதான். ‘பெயின்ட் அடிக்க ஒரு மாச வாடகையைப் பிடிச்சுக்குவோம்’ என்பது ஊர் வழக்கம். ஆனால், பராமரிப்புப் பொறுப்புகளைப் பிரித்துச் சொல்லும் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது, குழாய்களை மாற்றுவது, பெரிய ஒயரிங் வேலை ஆகியவற்றை உரிமையாளர் பக்கம் வைத்திருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்ற சின்ன ரிப்பேர்கள் குடியிருப்பவர் பக்கம்.

புழங்கினால் வரும் இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல. நாலு வருஷத்தில் சுவர் மங்குவது தேய்மானம். சுவரில் பெரிய ஓட்டை போட்டு அப்படியே விட்டுப் போவது சேதம். வீட்டிலேயே பட்டறை வேலை நடந்திருந்தால் புகைக்கறை, தரையில் கீறல் எல்லாம் இருக்கலாம். அதை யார் சரிசெய்வது என்று குடி வரும்போதே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

ஒரு வாரம் முன்பே சுற்றிப் பாருங்கள்

சாமான் ஏற்றும் நாளில் பழுதைச் சுட்டிக்காட்டினால் வாக்குவாதம்தான் மிஞ்சும். ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டுப் போய், இருவரும் சேர்ந்து ஒவ்வோர் அறையாகப் பாருங்கள். குடி வந்த அன்று எடுத்த போட்டோ இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவரே சரிசெய்ய நினைத்தால் அதற்கு நேரமும் இருக்கும்.

கரன்ட் பில்லை மறக்காதீங்க

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுப்பு. ஆள் போன பிறகுதான் பில் வரும். அதனால், சாவி வாங்கும் நாளில் மீட்டர் ரீடிங்கை போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கில் புதியவரும் குடி வந்தால், யூனிட் கூடக்கூட கட்டண விகிதமும் ஏறும். அந்தச் சுமையை முழுசா பழையவர் தலையில் கட்டாதீங்க. யார் எத்தனை யூனிட் ஓட்டினாரோ, அந்த விகிதத்தில் பிரியுங்கள்.

கணக்கைத் தாளில் எழுதுங்கள்

உதாரணத்துக்கு, அட்வான்ஸ் 24,000 ரூபாய். கரன்ட் 900, உடைந்த ஜன்னல் கண்ணாடி 600, குழாய் 350. மொத்தம் 1,850. மீதி 22,150. ரிப்பேர் செலவுக்கு ரசீதை இணையுங்கள். தேதி போட்டு, எத்தனை சாவி வாங்கினீர்கள் என்றும் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி. பணத்தை வங்கி வழியாகக் கொடுத்தால் பிற்பாடு பேச்சே வராது.

காலி பண்ண மறுத்தால்?

கோபத்தில் தண்ணியையோ கரன்ட்டையோ நிறுத்திடாதீங்க. அத்தியாவசிய வசதிகளைத் துண்டிக்க உரிமையாளருக்குச் சட்டம் அனுமதி தரவில்லை. பூட்டை மாற்றுவதும் உங்களுக்கே வினையாக முடியும். வாடகை பாக்கி, ஒப்பந்தம் முடிவு எதுவானாலும் முதலில் எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். பிறகு ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு, இந்தச் சட்டப்படி அமைக்கப்பட்ட வாடகை நீதிமன்றத்தை அணுகலாம்.

ஆடி, மார்கழி கணக்கு!

இந்த இரண்டு மாதங்களில் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச பலரும் தயங்குவார்கள். ஒப்பந்தம் மார்கழியில் முடிந்தால், ‘தை பொறந்ததும் போறோம்’ என்றுதான் பதில் வரும். எனவே ஒப்பந்தம் போடும்போதே முடியும் மாதத்தைப் பார்த்து எழுதுங்கள். ஆனிக் கடைசியில் வீடு காலியானால், ஆடியில் பெயின்ட், பிளம்பிங் வேலைகளை முடித்துவிடலாம். ஆவணியில் புதுக் குடும்பம் வரும்போது, சாவி கொடுப்பதற்கு முன் போட்டோக்களையும் எடுத்து வையுங்கள். அடுத்த முறை அட்வான்ஸ் கணக்கு பார்க்கும்போது உங்கள் இருவருக்கும் சாட்சி அதுதான்.